சட்டமன்றம் கூடும்போது நூலகத்துக்காக எதைக் கேட்பது?

வாசகர் கேள்வி, 17.11.2024

ஐயா, வணக்கம். பெங்களூரு லிங்கராஜபுரம் பக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்கு அருகிலுள்ள அரசுக் கிளை நூலகத்துக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் போவேன். இந்த மழைக்காலம் முழுவதும் அங்கே ஓர் அறையைப் பூட்டியே வைத்திருந்தார்கள். புதிய புத்தகம் கடைசியாக எப்போது வந்தது என்று அங்கு வேலை செய்பவருக்கே நினைவில்லை. டிசம்பரில் பெலகாவியில் கர்நாடகச் சட்டமன்றம் கூடுகிறது. அதற்குள் முதலமைச்சருக்கு ஐந்நூறு கையெழுத்துடன் ஒரு மனு அனுப்பலாம் என்று நாங்கள் நான்கைந்து பேர் பேசிக்கொண்டிருக்கிறோம். தமிழர்கள் கேட்டால் இங்கே காதில் போட்டுக்கொள்வார்களா? நூலகத்துக்காகச் சட்டமன்றத்தில் ஒருவரைப் பேசவைப்பது நடக்கிற காரியமா?

17.11.2024, இரவு

நடக்கிற காரியம்தான். ஆனால் கையெழுத்தில் தொடங்காதீர்கள், வீட்டு வரி ரசீதில் தொடங்குங்கள். கர்நாடகத்தின் பொது நூலகச் சட்டம் 1965ஆம் ஆண்டினது. அப்போது இந்த மாநிலத்துக்கு மைசூர் என்று பெயர். சொத்து வரியோடு சேர்த்து நூலகத்துக்கென்று ஒரு வரி வாங்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அதன்படி நாம் கட்டும் தொகையில் நூற்றுக்கு ஆறு ரூபாய் நூலகத்துக்கு உரியது. அப்படியிருக்க, ஏற்கெனவே கட்டிவிட்ட பணத்துக்குக் கணக்கு கேட்கப் போகிறவர்கள், இல்லாதவர்கள் இருப்பவரிடம் உதவி கேட்பதுபோல மனுவை எழுதக் கூடாது. "தயைகூர்ந்து" என்ற சொல்லை எடுத்துவிட்டாலே மனுவின் பாதிக் குறை தீரும்.

இன்னொன்று. 2020 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சி மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை. வார்டு உறுப்பினரிடம் சொல்லி முடித்திருக்கக்கூடிய கூரை ஒழுகலும் விளக்குப் பழுதும் இப்போது சட்டமன்ற உறுப்பினர் வரை போகவேண்டியிருப்பதற்கு அதுதான் காரணம்.

18.11.2024

மக்களவை உறுப்பினரிடமும் ஒரு படி கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுப்பதில் தவறில்லை, பயனும் அதிகமில்லை. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் பன்னிரண்டாவது இனமாக நூலகங்கள் வருகின்றன. தெருமுனை நூலகத்தைப் பற்றிச் சட்டம் செய்யவும், அதன் அமைச்சரை எழுந்து நின்று பதில் சொல்லவைக்கவும் மாநில அவைகளுக்குத்தான் அதிகாரம். இங்கே சட்டப்பேரவையில் 224 பேர், மேலவையில் 75 பேர். பெங்களூரு நகரத்துக்கு மட்டும் 28 பேரவைத் தொகுதிகள். உங்களுக்குத் தேவை ஒரே ஒருவர். ஆளும் கட்சியா எதிர்க்கட்சியா என்பது இரண்டாவது கேள்வி.

21.11.2024

நேற்று மாலை எங்கள் பகுதிக் கிளை நூலகத்துக்குப் போனேன். அல்சூர் ஏரியிலிருந்து நடக்கும் தூரத்தில், இரண்டு அறையும் ஒரு திண்ணையும் கொண்ட கட்டடம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் போய்வரும் இடம் என்பதால் கண் பழகிப்போன சில விஷயங்களை, உங்கள் கேள்வி வந்த பிறகு, புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். புத்தக அடுக்குகளில் கீழ்த்தட்டு முழுவதும் காலியாக இருக்கிறது. தண்ணீர் ஏறும் என்பதால் அங்கே எதையும் வைப்பதில்லை. தமிழ்ப் புத்தகங்கள் ஓர் இரும்பு அலமாரியில் இருக்கின்றன. பூட்டின் சாவி தொலைந்துவிட்டதால் கதவுக் கைப்பிடியைச் சணல் கயிற்றால் கட்டிவைத்திருக்கிறார்கள். கயிற்றை அவிழ்த்து ஒரு நாவலை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் ஒட்டிய சீட்டில், திருப்பித் தரவேண்டிய தேதிகளின் முத்திரைகள் 2011இல் நின்றுபோயிருந்தன. வங்கித் தேர்வுக்குப் படிக்கும் மூன்று பையன்கள் திண்ணைப் படியில் உட்கார்ந்திருந்தார்கள், அந்த ஒரு குழல்விளக்குதான் ஒழுங்காக எரிகிறது என்பதால்.

நாளிதழ் மேசையில் ஒரே தினத்தந்தியை நான்கு பெரியவர்கள் நான்கு தாளாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முடித்ததும் தாளை இடப்பக்கம் நகர்த்துவார். நான்கு சுற்று முடிந்ததும் முதல் தாளை வைத்திருந்தவர் எல்லாவற்றையும் வாங்கி, பக்க எண் பார்த்து அடுக்கி, நடுமடிப்பில் தட்டி வைத்தார். நூலகத்தைத் தங்கள் வீடாக எண்ணுகிறவர்கள் இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். இவர்கள் சார்பாகத்தான் கேட்கப் போகிறோம் என்பதை மனு எழுதும்போது மறக்காதீர்கள்.

24.11.2024

முதல் இரவு நான் எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. பொதுத்துறை நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு அது இருந்திருக்கக் கூடாத பிழை என்பதால் விரிவாகவே திருத்துகிறேன். கட்டிய மொத்தத் தொகையில் ஆறு விழுக்காடு என்பது சரியல்ல. அடிப்படைச் சொத்து வரி ஒன்று உண்டு. அதன்மேல் செஸ் என்று ஒரு தொகை ஏறுகிறது. என் கோப்பிலிருந்து 2018-19 ரசீதை எடுத்துப் பார்த்தேன். அந்த ஆண்டு செஸ் 24 விழுக்காடு. அதன் பிரிவு: சுகாதார வரி 15, நூலக வரி 6, பிச்சைக்காரர் மறுவாழ்வு வரி 3. ஆகவே அடிப்படை வரி 5,000 ரூபாய் என்றால் செஸ் 1,200 ரூபாய், அதில் நூலகத்துக்கு 300 ரூபாய். செஸ் தொகையை நான்கால் வகுத்தால் போதும், நூலகத்தின் பங்கு வந்துவிடும். குப்பைக்கான கட்டணத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது தனி.

ரசீதில் "செஸ்" என்று ஒற்றை வரியாகத்தான் அச்சிட்டிருந்தது. நூலகம் என்ற சொல் அதில் எங்குமே இல்லை. இத்தனை ஆண்டுகளாகக் கட்டியும் நம்மில் பெரும்பாலோருக்கு நாம் நூலக வரி கட்டுகிறோம் என்பதே தெரியாமல் போனதற்கு அந்த ஒற்றை வரி ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

24.11.2024, பிற்பகல்

"வாடகைக்கு இருக்கிறோம், எங்களிடம் ஏது ரசீது?" என்கிறீர்கள். வீட்டுக்காரர் கட்டும் வரி எப்படியும் உங்கள் வாடகைக்குள்தான் இருக்கிறது. அவரிடம் ரசீதின் படி ஒன்று கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால், அவர் பெயரையும் சொத்து எண்ணையும் மறைத்துத் தரச் சொல்லுங்கள். நமக்கு வேண்டியது ஆண்டும் செஸ் தொகையும் மட்டுமே.

1.12.2024

இந்த வாரம் நான் எழுதிய மனுவையும் அது பட்ட பாட்டையும் சொல்கிறேன், உங்களுக்கு நேரம் மிச்சமாகும்.

முதலில் ஏழு கோரிக்கைகள் எழுதினேன்: கூரை, விளக்கு, மாலை நேரத் திறப்பு, தமிழ் நூல்கள், பெண்களுக்குக் கழிவறை, கணினி, நிரந்தரப் பணியாளர். அதற்கு முன்னுரையாக ஒரு பக்கம். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1962இல் இந்தப் பெங்களூருவில்தான் ஆவணமாக்கல் பயிற்சி மையத்தைத் தொடங்கினார், 1972இல் இங்கேயே மறைந்தார் என்றும், கப்பன் பூங்காவின் சிவப்பு நூலகக் கட்டடம் மைசூர்த் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயரின் நினைவாக எழுந்தது என்றும் எழுதியிருந்தேன். எழுதும்போது பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் நூலகத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்யும் கன்னட அம்மா ஒருவர் இருக்கிறார். மனு கன்னடத்தில் போவதுதான் முறை என்பதால், மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க அவரிடம் கொடுத்தேன். எனக்குக் கன்னடம் நன்றாகப் பேசவரும், எழுத்தில் தடுமாறுவேன். அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, "சார், ஏழு கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும். எது சுலபமோ அதற்கு வரும்" என்றார். பிறகு முன்னுரைப் பக்கத்தைத் தனியாக எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இது உங்கள் வீட்டில் இருக்கட்டும். நம்ம துட்டு எங்கே என்று மட்டும் கேளுங்கள்."

அந்த "நம்ம" என்ற சொல் என்னை நிறுத்தியது. நான் எழுதியிருந்த பக்கம் நூலகத்தைத் தமிழர்களின் கொடை என்று காட்டியது. சம்பளம் தாமதமாக வாங்கிக்கொண்டு ஒழுகும் கூரையின் கீழ் தினமும் உட்கார்ந்திருக்கும் ஒரு கன்னடப் பெண் அதை நம்முடையது என்று சொன்னார். அன்று மாலையே ஏழும் ஒன்றாயின. இப்போது மனுவில் இருப்பது இவ்வளவுதான்: கடந்த பத்து ஆண்டுகளில் இந்நகரில் வசூலான நூலக வரி எவ்வளவு, அதில் ஆண்டுவாரியாக நூலகத் துறைக்குச் செலுத்தியது எவ்வளவு, மீதி எப்போது வரும்?

வசூலான நூலக வரியை மாநகராட்சி முழுமையாக அனுப்பாமல் நிலுவை வைத்திருப்பதும், அது நூற்றுக்கணக்கான கோடி ரூபாயாக வளர்ந்திருப்பதும் பல ஆண்டுகளாக நாளிதழ்களில் வந்த செய்தி. செய்தியாக வருவதற்கும் அவையில் அமைச்சரின் பதிலாக அச்சாவதற்கும் வேறுபாடு உண்டு. அவைக் குறிப்பில் ஏறிய எண்ணை அடுத்த ஆண்டு யாரும் எடுத்துக்காட்டலாம்.

4.12.2024

"தமிழ் நூல்கள் என்ற கோரிக்கையையே கைவிட்டுவிட்டீர்களே, இதற்குப் பெயர் பயம்" என்று இன்னொரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது, அதனால் யோசித்தே பதில் எழுதுகிறேன்.

ஊழியர் சம்பளம் போக, புத்தகம் வாங்கவும் நாளிதழ்ச் சந்தாவுக்கும் வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் கிளைகள் இந்த வரிப் பணத்தைத்தான் நம்பியிருக்கின்றன என்று அந்த அம்மா விளக்கினார். பணம் வராதபோது எந்த மொழிப் புத்தகமும் வராது. முதலில் பணம் வரட்டும், அதன்பின் இந்தத் தெருவில் எத்தனை வாசகர் எந்த மொழியில் படிக்கிறார்கள் என்று காட்டி நம் பங்கைக் கேட்கலாம். அந்தக் கணக்கை நூலக மட்டத்திலேயே தீர்த்துக்கொள்ளவும் முடியும், சட்டமன்றம் வரை போகவேண்டியதில்லை.

7.12.2024

கெடு விஷயத்தில் எனக்கு ஏமாற்றம். மனுவோடு எங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனேன். உதவியாளர் மரியாதையாகவே பேசினார். மனுவை வாங்கிப் பார்த்ததும், "கடுவு முகிதிதெ, சார்" என்றார். கெடு முடிந்துவிட்டது. கேள்வி நேரத்துக்கான கேள்விகளை உறுப்பினர்கள் கூட்டத்துக்குப் பல நாள் முன்பே எழுத்தில் கொடுத்தாக வேண்டும், செயலகம் அதைத் துறைக்கு அனுப்பி பதில் வாங்க வேண்டும் அல்லவா. நாளை மறுநாள் பெலகாவியில் கூட்டம். இன்று போய் நின்றால் யார் என்ன செய்ய முடியும்? நவம்பர் தொடக்கத்திலேயே போயிருக்க வேண்டும். நீங்கள் நவம்பர் 17இல் கேட்டபோதே இந்த ஒன்றை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். தெரியாமல் வரலாறு பேசிக்கொண்டிருந்துவிட்டேன், மன்னியுங்கள்.

உதவியாளரிடம் கற்றுக்கொண்டதைக் குறித்துவைக்கிறேன். கேள்விகள் இருவகை. நட்சத்திரக் குறியிட்டதைக் கன்னடத்தில் "சுக்கெ குருத்தின பிரஸ்னெ" என்கிறார்கள். அமைச்சர் வாயால் பதில் சொல்வார், உறுப்பினர் துணைக் கேள்வி கேட்கலாம். குறியில்லாததற்கு எழுத்தில் மட்டும் பதில். நமக்கு இரண்டாவதே நல்லது என்பது என் எண்ணம். எண்களைக் கேட்கிறோம், எண்கள் தாளில் வருவதுதான் நல்லது. நட்சத்திரக் கேள்விக்கு, முறை வந்தும் அவையில் நேரம் போதாமல் போகும் ஆபத்தும் உண்டு.

10.12.2024

முன்னாள் முதலமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணா இன்று அதிகாலை காலமானார். அவை இரங்கல் தெரிவித்து ஒத்திவைத்தது, நாளை விடுமுறை. பத்து நாள் கூட்டத்தொடரில் ஒரு நாளும் உறுதியில்லை என்பதையும் நம் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மறைந்தவருக்கு என் அஞ்சலி.

22.12.2024

மும்பையில் இருக்கும் என் தங்கை மகன் இந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் பேசினான். "மாமா, எங்கள் மாநிலத்தில் நூலக வரியே இல்லை, நாங்கள் எதைக் கேட்பது?" என்றான். உண்மைதான். மகாராஷ்டிரத்தின் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரி கிடையாது, அரசு மானியத்தில்தான் நடக்கிறது. அங்கே கேட்கவேண்டியது மானியம் எவ்வளவு, எப்போது உயர்ந்தது என்பது. தமிழ்நாட்டில் இன்று ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி, கேரளத்தில் ஐந்து, இங்கே ஆறு. இருக்கும் சட்டத்தைப் படித்துவிட்டுத்தான் அந்தந்த ஊரில் கேள்வி எழுத வேண்டும். சென்னையில் செய்ததை அப்படியே இங்கே செய்யச் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

பொறுமைக்கும் ஒரு கணக்கு உண்டு. ரங்கநாதன் தமது மாதிரி நூலகச் சட்டத்தை 1930இல் காசியில் நடந்த கல்வி மாநாட்டில் முன்வைத்தார். சென்னை மாகாணத்தில் அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது அது சட்டமானது 1948இல். பதினெட்டு ஆண்டுகள். நாம் ஒரு கூட்டத்தொடரைத்தான் தவறவிட்டிருக்கிறோம்.

12.1.2025

டிசம்பர் 4 அன்று எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

பள்ளி விடுமுறை நாளில் நூலகத்துக்கு ஒரு பையன் வருவான், ஆறாம் வகுப்பு இருக்கும். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். படக்கதைப் புத்தகங்கள் எல்லாம் முடிந்துவிட்டன, புதிது இல்லை என்பதால் கன்னட நாளிதழை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டாமல் வேகமாகப் படிப்பான். போன வாரம் அவனோடு அவன் பாட்டியும் வந்திருந்தார். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவன் ஒரு செய்தியைக் கன்னடத்தில் படித்து, வாய்விட்டுத் தமிழில் சொன்னான். பாட்டி, "அப்புறம்?" என்றார். அவன் அடுத்த பத்தியைப் படித்துச் சொன்னான். அரை மணி நேரம் இப்படியே போயிற்று. கடைசியில் என் பக்கம் திரும்பி, "தாத்தா, தமிழ்ல இதே மாதிரி பெரிய எழுத்துப் பேப்பர் இருக்கா? நான் படிக்கக் கத்துக்கிட்டா நேரா சொல்லலாம்" என்று கேட்டான். நான் சணல் கயிற்றை அவிழ்த்து அலமாரியைத் திறந்தேன். சிறுவர் படிக்கும்படியாக அதில் ஒரு புத்தகமும் இல்லை. இருந்தவை எல்லாம் பெரியவர்களுக்கான நாவல்கள், சிறிய எழுத்து, பழுப்புத் தாள்.

பணம் வந்தால் தமிழ் நூலும் வந்துவிடும் என்பதுபோல நான் எழுதியது தவறு. யாராவது கேட்டால்தான் வரும், அதுவும் யாருக்காக என்று சொல்லிக் கேட்டால்தான். அலமாரியை நினைத்துக் கேட்டவர்கள் நாம் எல்லோரும் எங்களைப் போன்ற கிழவர்களுக்காகவே கேட்டோம். தமிழ் எழுத்து தெரியாமல் தமிழ் பேசி வளரும் இந்தப் பிள்ளைகளை நினைக்கவில்லை. எனினும் சட்டமன்றக் கேள்வியில் அதைச் சேர்ப்பதில்லை என்ற முடிவை மாற்றவில்லை. அதைக் கிளை நூலகப் பரிந்துரைப் பதிவேட்டில் எழுதினேன், பையனின் வயதையும் அவன் கேட்டதையும் சேர்த்து. பயம் என்று எழுதிய வாசகர் இதையும் படிக்க வேண்டும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

26.1.2025

மார்ச் கூட்டத்தொடருக்கான கேள்வித்தாளை இன்று முடித்தோம். முதல் கேள்வியை எழுதிய லிங்கராஜபுரத்துத் தங்கையும் அவர் தோழியும் வந்திருந்தார்கள். இருவரும் சேர்த்த ரசீதுகள் பதினொன்று, என்னுடையதும் எங்கள் தெருவிலுமாகப் பதினான்கு. பெயர்களை மறைத்து, ஆண்டுவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் செஸ் தொகைக்குக் கீழே நூலகத்தின் பங்கைப் பென்சிலால் எழுதினோம். தெருவில் ஒருவர் தன் ரசீதில் 412 ரூபாய் என்று எழுதியதைப் பார்த்துவிட்டு, "நான் நூலக உறுப்பினரே இல்லையே" என்றார். உடனே சேர்ந்துகொண்டார்.

ஒரு நுணுக்கம். பொது நூலகத் துறை பள்ளிக் கல்வி அமைச்சரின் கீழ் வருகிறது. வரியை வாங்குவது மாநகராட்சி, அது பெங்களூரு வளர்ச்சித் துறையின் கீழ். கிராமப் பஞ்சாயத்து நூலகங்கள் 2019இல் ஊரக வளர்ச்சித் துறைக்குப் போய், இப்போது அறிவு மையங்கள் என்ற பொருளில் "அரிவு கேந்திர" என்று வழங்குகின்றன. ஒரே கேள்வியைக் கல்வி அமைச்சரிடம் மட்டும் கேட்டால் பணம் வரவில்லை என்பார், மற்றவரிடம் மட்டும் கேட்டால் கணக்குச் சரிபார்ப்பு நடக்கிறது என்பார். ஆகவே ஒரே எண்ணை இரண்டு அமைச்சர்களிடமும் தனித்தனியாகக் கேட்கும்படி எழுதியிருக்கிறோம். இரண்டு பதிலும் ஒத்துப்போக வேண்டும் அல்லவா. இதைச் சொன்னபோது கணக்குப் பிரிவில் இருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. இரண்டு பேரேடுகளை எதிரெதிரே வைத்தால்தான் விடுபட்ட தொகை தெரியும்.

9.2.2025

உறுப்பினரை நேரில் பார்த்தோம். நன்றாகக் கேட்டார், ரசீதுகளைப் புரட்டினார். பிறகு, தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து கூரையும் விளக்கும் பெயர்ப்பலகையும் செய்துதருவதாகச் சொன்னார். கேள்வியைப் பற்றி, "பார்க்கலாம்" என்றார்.

தங்கை வெளியே வந்ததும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும் என்றார். நான் ஒப்பவில்லை. படியில் உட்கார்ந்து படிக்கும் பையன்களுக்கு விளக்கு வேண்டும், அவர்கள் தேர்வு நம் கொள்கைக்காகக் காத்திருக்காது. வாங்கிக்கொள்வோம். அவர் பெயர் பொறித்த பலகை வந்தாலும் வரட்டும். ஆனால் விளக்கு வந்ததற்காகக் கேள்வியை விட்டுவிடக் கூடாது. பிறகு மறுபடி போனோம், கேள்வித்தாளைக் கொடுத்து உதவியாளரிடம் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கினோம்.

அதே தாளை மேலவை உறுப்பினர் ஒருவருக்கும் கொடுத்திருக்கிறோம். மேலவையில் பட்டதாரிகள் தேர்ந்தெடுப்பவர் ஏழு பேர், ஆசிரியர்கள் தேர்ந்தெடுப்பவர் ஏழு பேர். நூலகத்தைப் பற்றி அவர்களிடம் பேசினால் காது கொடுப்பார்கள், அவர்களுடைய வாக்காளர்கள் எல்லாம் படித்தவர்கள் என்பதால். பட்டம் பெற்று மூன்றாண்டு ஆனவர்கள் அந்தத் தொகுதிப் பட்டியலில் பெயர் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். என் மகள் சேர்த்திருக்கவில்லை.

8.3.2025

நேற்று நிதிநிலை அறிக்கை. மொத்தம் நான்கு இலட்சத்து ஒன்பதாயிரம் கோடி ரூபாய். "இதில் நூலகத்துக்கு எவ்வளவு?" என்று மூவர் கேட்டுவிட்டார்கள். அது வேறு கேள்வி. நாம் கேட்பது அரசு புதிதாகத் தரவேண்டிய பணத்தை அல்ல, நம் வீட்டு வரியோடு ஏற்கெனவே வாங்கிவிட்ட பணத்தை. இவ்விரண்டையும் கலந்தால், "இந்த ஆண்டு இவ்வளவு ஒதுக்கியிருக்கிறோம்" என்ற பதிலோடு முடிந்துவிடும்.

11.3.2025

இது நான் எதிர்பாராதது. நேற்று பேரவையில் கிரேட்டர் பெங்களூரு ஆளுகை மசோதா நிறைவேறியிருக்கிறது. இந்த ஒரே மாநகராட்சி ஏழு வரை பிரிய வழிசெய்யும் மசோதா. அப்படிப் பிரிந்தால் பழைய நூலக வரிப் பாக்கி யார் தலையில்? புதிதாக வரும் ஒவ்வொரு மாநகராட்சியும் பழையதை முந்தையவர் கட்டவேண்டும் என்று சொல்ல இடமிருக்கக் கூடாது. வீடு பாகம் பிரியும்போது சொத்தைப் பிரிக்க எல்லோரும் வருவார்கள், கடனைப் பிரிக்கும் நாளில் ஆள் குறையும். பிரிவதற்கு முன்பே பாக்கித் தொகை அவைக் குறிப்பில் எண்ணாக ஏறிவிட வேண்டும். ஒரு துணைக் கேள்வியாக இதை எழுதி நேற்றே கொடுத்தேன். இந்தக் கூட்டத்துக்குக் கெடு தாண்டிவிட்டது என்று தெரிந்தே கொடுத்தேன், அடுத்ததற்கு ஆகட்டும் என்று.

22.3.2025

கூட்டத்தொடர் நேற்று முடிந்தது, கடைசி நாள் அமளியில். நம் கேள்வி இந்த முறை பட்டியலில் வரவில்லை. உதவியாளர் காரணம் சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. மழைக்காலக் கூட்டத்துக்குப் புதிதாக எழுதிக் கொடுக்கச் சொன்னார். மேலவை உறுப்பினரிடமிருந்து இன்னும் தகவல் இல்லை. எனக்கு வருத்தம்தான், மறைக்க ஒன்றுமில்லை. நேற்று மாலை நூலகத்துக்குப் போய்ச் சொன்னபோது அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். உறுப்பினர் சேர்க்கையில், ஜனவரி முதல், எங்கள் தெருப் பெயர் அடுத்தடுத்துப் பல வரிகளில் இருந்தது. விளக்குகள் இரண்டு வந்துவிட்டன. கூரை இன்னும் இல்லை.

6.4.2025

ஏப்ரலில் சொத்து வரி கட்டினால் 5 விழுக்காடு தள்ளுபடி என்பதால் தெருவில் பெரும்பாலோர் இந்த மாதமே கட்டிவிடுவார்கள். ரசீது கையில் இருக்கும்போதே வாங்கிவிடுவோம். போன முறை இருபத்தைந்து, இம்முறை நூறு. லிங்கராஜபுரம், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன், ஸ்ரீராமபுரம் நண்பர்கள் அவரவர் தொகுதிக்குத் தனித்தனிக் கேள்வித்தாள் எடுத்துக்கொள்ளுங்கள். கன்னட வரைவு என்னிடம் இருக்கிறது, அந்த அம்மா திருத்தியது. தமிழ்ப் பேச்சு வீட்டார் மட்டும் என்றில்லை, பக்கத்து வீட்டு உருது, தெலுங்கு, கன்னடக் குடும்பங்களின் ரசீதும் சேரட்டும். கேள்வித்தாளை மே முடிவதற்குள் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிட வேண்டும்.

பையனுக்காகப் பதிவேட்டில் எழுதியதற்கு இன்னும் பதில் வரவில்லை. பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு அவனை அடுத்த ஞாயிறு அழைத்துப்போகிறேன், பாட்டியும் வருவதாகச் சொன்னார்.